செங்கல் பக்கத்தில் விடக்கூடாத ஆசாமி

‘ஏன் இருக்கு’ ஆசாமி என்று ஓர் இனம் உண்டு. எதுவுமே இல்லாமல் இருந்திருக்கலாமே, இத்தனையும் ஏன் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே திரிவான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு நாற்பது வீடு கட்டியவன் சொல்கிறேன்: அவனைச் செங்கல் பக்கத்தில் விடாதீர்கள்.

எனக்குத் தெரிந்த மேஸ்திரி விட்டார். என்ன செய்வார், ஆசாமி அவருக்கு மாப்பிள்ளை ஆயிற்றே! கரணையில் கலவையை அள்ளினால் அதையே உற்றுப் பார்ப்பான், செங்கல்லைத் தட்டிக் காதில் வைத்துக்கொள்வான், சுவர் நேர் பார்க்கும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுவிட்டு அது ஆடி நிற்கும்வரை தானும் நிற்பான், அப்புறம் பெருமூச்சு விடுவான்.

“மாமா, ஒண்ணுமே இல்லாம இருக்கிறது எவ்வளவு சுலபம்! ஏன் இவ்வளவும் இருக்கு?”

“கலவை இறுகுது மாப்பிள்ளை. இருக்கிறப்பவே பூசுங்க.”

ஒரு வீட்டில் குளியலறை வேலை. நன்றாக வந்தால் மாடி கட்டும் வேலையும் உங்களுக்கே என்றிருந்தார் வீட்டுக்காரம்மா. மேஸ்திரி மனசுக்குள் அந்த மாடிக்கு வெள்ளையே அடித்துவிட்டார். வேறொரு வேலைக்காக இரண்டு நாள் போனார். மாப்பிள்ளை செங்கல்லையும் கலவையையும் உள்ளே குவித்துக்கொண்டு கட்டினான். முதல் நாள் மாலை இடுப்பளவுச் சுவரைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போனான். தாண்டும்போதாவது தோன்ற வேண்டாமா?

மறுநாள் மாலை மேஸ்திரியும் வீட்டுக்காரம்மாவும் வந்து பார்த்தார்கள். தலைக்கு மேல் நாலு சுவர். நூல் பிசகவில்லை. அம்மா ஒருமுறை சுற்றி வந்தார். இன்னொரு முறையும் சுற்றினார்.

“மேஸ்திரி, வாசல் எங்க?”

உள்ளேயிருந்து குரல் வந்தது. “மாமா, ஏணி அந்தப் பக்கமா இருக்கு?”

“எல்லாம் இருக்கு மாப்பிள்ளை! வாசல் மட்டும் ஏன் இல்ல?”

உள்ளே செங்கல்லைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “நல்ல கேள்வி மாமா.”

மேஸ்திரி சம்மட்டியை எடுத்தார். மாப்பிள்ளை வேலை கெட்டி. வியர்த்துக் கொட்டி, முகமளவு ஓட்டை விழுந்தது. அதில் முகம் தெரிந்தது.

“பாத்தீங்களா? ஒண்ணுமில்லாததை உண்டாக்கத்தான் கஷ்டம். அதான் எல்லாமே இருக்கு!”

ஓங்கிய சம்மட்டி அந்தரத்தில் நின்றது. “அட, ஆமா மாப்பிள்ளை…”

“நல்லா யோசிங்க, ரெண்டு பேரும்,” என்றார் வீட்டுக்காரம்மா. “மாடிக்கு நான் வேற ஆளைப் பாத்துக்கிறேன்.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சம்மட்டி நின்ற இடத்தில் நீங்களும் ஒரு கணம் நின்று ‘அட, ஆமாம்’ என்றீர்களா? அப்படியானால் எழுந்து போய்ப் பாருங்கள், அடுப்பில் வைத்த பால் இருக்கிறதா என்று.