சுவரில் ஏறிய அஞ்சலையம்மா

எங்கள் பக்கத்தில் ஒருவரின் முகம் சுவரில் ஆளுயரத்துக்கு வந்தால் அதற்கு மூன்று காரணங்கள்தான் இருக்க முடியும்: கட்சி, கல்யாணம், சாவு. கட்சி என்றால் கும்பிட்டபடி சிரிப்பார். கல்யாணம் என்றால் இரண்டு முகங்கள் இருக்கும். கும்பிடாமல், சிரிக்காமல், பூக்களுக்கு நடுவே ஒற்றை முகம் என்றால் மூன்றாவதுதான். பால்வாடிக் குழந்தைக்கும் தெரிந்த இந்த விஷயம், ஓவியத்தில் பட்டம் வாங்கிவந்த எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் ஒரு புதன்கிழமை காலையில், ஆரோக்கியமாக இருந்த ஒரு பெண்மணியை நான் ஊரறியச் சாகடித்தேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. மக்களோடு சேர்ந்து கலை செய்கிற ஒரு சிறிய அமைப்பில் வேலை கிடைத்திருந்தது. வளவனூரைத் தாண்டி, புதுச்சேரி சாலையை ஒட்டிய ஓர் ஊரில், சமுதாயக் கூடத்தின் வெளிச்சுவரில் ஊர்க்காரர்களோடு சேர்ந்து ஓவியம் தீட்ட வேண்டும். முடித்தபின் ‘இதனால் உள்ளூர் மக்கள் அடைந்த பயன்’ என்று ஓர் அறிக்கை தர வேண்டும். (அறிக்கையின் முதல் பக்கத்தைச் சுவரைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிட்டேன். அவ்வளவு நம்பிக்கை.)

முதல் நாள் கூட்டம் போட்டு, சுவரில் என்ன வேண்டும் என்று கேட்டேன். வந்தவர்கள் எல்லோரும் நடவு வேலைக்குப் போகும் பெண்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பஸ் வரும் நேரத்தை எழுதிப் போட்டால் நன்றாக இருக்கும் என்றார்கள். எந்த பஸ் நிற்கும், எது நிற்காமல் போகும் என்று தெரியாமல் தினமும் வெயிலில் காய்கிறார்களாம். நான் கனிவாகப் புன்னகைத்து நோட்டில் குறித்துக்கொண்டேன். குறித்தது இது: ‘மக்களின் கற்பனையைத் தூண்ட வேண்டியுள்ளது.’

என் கற்பனைதான் தூண்டிவிட்ட விளக்காக எரிந்துகொண்டிருந்ததே. நடவுக் கூட்டத்தை நடத்துகிற அஞ்சலையம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே முடிவு செய்துவிட்டேன். ஐம்பத்தெட்டு வயது, வெயில் வரைந்த கோடுகள், நேராகப் பார்க்கும் கண்கள். கணவர் இல்லை. ஒரே மகன் குமார் புதுச்சேரியில் கம்பெனி வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே குடும்பத்தோடு இருந்தான். அரை மணி நேர பஸ் பயணம். போன பொங்கலுக்கு முந்தின பொங்கலுக்கு வந்திருந்தானாம்.

உழைக்கும் பெண்ணின் முகத்தைச் சுவரில் ஏற்றப் போவதாகச் சொன்னபோது அஞ்சலையம்மா தயங்கினார்.

“என் மூஞ்சி எதுக்கு சாரு? நான் இன்னா செத்தா பூட்டேன்?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, ‘எளிய மக்களின் தன்னடக்கம்’ என்று எழுதிக்கொண்டேன்.

பத்து நாள் வேலை நடந்தது. ஒன்றைச் சொல்ல வேண்டும், பெண்கள் அதை உண்மையிலேயே விரும்பினார்கள். வயலிலிருந்து திரும்பியதும் கைகால் கழுவிக்கொண்டு வந்து, முகத்தைச் சுற்றிச் சாமந்திப் பூக்களாகப் போட்டார்கள். யார் பூ பெரிது என்று சண்டைகூட நடந்தது. முகத்தை மட்டும் நான் கறுப்பு வெள்ளையில் வரைந்தேன். (வண்ணம் சேர்த்தால் ஆழம் போய்விடும் என்று எனக்கு ஓர் எண்ணம். ஆழம் நிறையவே கிடைத்தது, ஆறடி.) செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடைசியாகக் கீழே கொட்டை எழுத்தில் பெயரையும் எழுதினேன்: அஞ்சலை.

ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்க்கிற யாரும் அதை ‘அஞ்சலை’ என்று படிக்க மாட்டார்கள்; ‘அஞ்சலி’ என்றுதான் படிப்பார்கள்.

புதன்கிழமை காலையில் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகும் பஸ்கள் எல்லாம் அந்தச் சுவரைத் தாண்டித்தான் போயின. ஒன்பது மணிக்குள் படம் வாட்ஸ்அப்பில் மூன்று ஊர் சுற்றிவிட்டது. கடைசி நாள் என்று பெண்கள் அன்று வயலுக்குப் போகவில்லை. நான் சாரத்தின் மேல் நின்று படத்தின் கண்ணில் கடைசிப் பளபளப்பை வைத்துக்கொண்டிருந்தேன். கோலியனூரிலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. மூன்று பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு இறங்கினார்கள். அஞ்சலையம்மாவின் சொந்தக்காரர்கள். சுவருக்குக் கீழே பிரஷ் கழுவிக்கொண்டிருந்த அஞ்சலையம்மா ஓடிப்போய் அவர்களைக் கட்டிக்கொண்டு தானும் அழுதார். (எங்கள் பக்கத்தில் முதலில் அழுவோம். யாருக்கு என்ன ஆயிற்று என்று பிறகுதான் கேட்போம்.) கொஞ்ச நேரம் கழித்து அவர்களில் ஒருத்தி தான் கட்டிக்கொண்டிருப்பது யாரை என்று பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குள் மாலைகள் வந்தன. கண்டமங்கலத்திலிருந்து பந்தல்காரர் நாற்காலிகளோடு வந்து, எங்கே இறக்க வேண்டும் என்று என்னைக் கேட்டார். நான் சாரத்திலிருந்து இறங்கி, இது சமுதாயக் கலை என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு நாற்காலிகளை இறக்கினார்.

அப்போதுதான் வள்ளியின் போன் அடித்தது. வள்ளி பக்கத்து வீட்டுக்காரர், நடவுக்கூட்டத்தில் ஒருவர். கையெல்லாம் பெயிண்ட் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார். குமார் பேசினான்.

“வள்ளிக்கா, எத்தினி மணிக்கு எடுக்கிறாங்க?”

வள்ளி அஞ்சலையம்மாவைப் பார்த்தார்.

“ஷிப்டு இருக்குதுக்கா. லீவு கேட்டா பேஜாரு பண்றாங்க. ஜல்தியா எடுத்துடுவாங்களோன்னுதான் கேட்டேன்.”

வள்ளி வாயைத் திறப்பதற்குள் அஞ்சலையம்மா போனை வாங்கிக்கொண்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார்.

“நாலு மணிக்குப்பா. நீ வேலைய முடிச்சிகினு, சாப்ட்டுட்டு வா.”

“சரிக்கா” என்று வைத்துவிட்டான். யாருடைய குரல் என்று அவனுக்குத் தெரியவில்லை.

அதன்பின் அஞ்சலையம்மா யாரையும் போக விடவில்லை. முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு, தன் படத்துக்குக் கீழே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். டீ வந்தது. எனக்கு ஓடிவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று தெரியவில்லை. சுவரில்தான் எழுதவில்லையே.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் குமார் பஸ்ஸிலிருந்து இறங்கினான். கையில் பையில் சுற்றிய மாலை. முதலில் சுவரைத்தான் பார்த்தான். பார்த்ததும் உடைந்து அழுதான். அது நடிப்பில்லை. சாலையைக் கடக்கத் தெரியாமல் அழுதான். யாரோ கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, படத்துக்குக் கீழே அம்மா.

“மாலைய குடுப்பா. கைல வெச்சிகினு நின்னா வாடிப்பூடும்.”

அவன் கொடுக்கவில்லை. அங்கேயே குந்திக்கொண்டான். “சாப்ட்டியாம்மா?” என்று மட்டும் கேட்டான். அடுத்த பஸ்ஸுக்கே திரும்பிப் போய்விட்டான். என்னை அவன் நாலு அறை அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் வெள்ளை பெயிண்ட்டோடு போனேன். அஞ்சலையம்மா பிரஷ்ஷை வாங்கி, தாடையிலிருந்து ஆரம்பித்துத் தானே தன்னை அழித்தார். கண்களுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்.

“இத நீங்க அடிச்சிடுங்க சாரு. என்னையே பாத்துகினு இருக்குது.”

அடித்தேன். என் வாழ்நாளில் நான் வரைந்த நல்ல கண்கள் அவைதான்.

பூக்களுக்கு நடுவே வெள்ளையாகக் கிடந்த இடத்தில், ஒரு வாரம் கண்டக்டர்களை விசாரித்து, அந்தப் பெண்களே பஸ் நேரங்களை எழுதினார்கள். வள்ளியின் எழுத்து கோடு தவறி மேலே போய்க்கொண்டே இருக்கும். இப்போதும் நேரம் மாறினால் அவர்களே அழித்து எழுதுகிறார்கள். பக்கத்து ஊர்ப் பெண்களும் வந்து பார்த்துப் போகிறார்கள். அறிக்கையில் மக்கள் அடைந்த பயன் என்ற இடத்தில் ‘பஸ் நேரம்’ என்று எழுதிக் கொடுத்தேன். வேலை போனது.

ஒரு வருடம் கழித்து அஞ்சலையம்மாவைப் பார்க்கப் போனபோது குமாரைப் பற்றிக் கேட்டேன். அதற்குப் பிறகு வரவே இல்லை என்றார்.

“சாவுன்னதும் வந்துட்டான் சாரு. உசுரோட இருக்கிறவள பாக்கத்தான் வெக்கப்படுறான்.”

இப்போது நான் விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். அம்மா திண்டிவனத்தில் தனியாக இருக்கிறார். அவரிடம் இந்தக் கதையைச் சொன்னது நான் செய்த அடுத்த தவறு. இரண்டு வாரம் சேர்ந்தாற்போல் போகாவிட்டால் போன் செய்து ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்:

“இன்னாடா, நானும் செவுத்துல ஏறணுமா?”

வீட்டில் என் மனைவியும் மகளும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிடுவேன்.