புள்ளிக்குப் பின்னால் வந்த வம்பு

அன்பும் பொறுமையும் ஒருங்கே வாய்த்த அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் உடம்பளவில் நலம். அங்கே மகளும் பிறந்த குழந்தையும் நலம் என்று அறிந்து மகிழ்ந்தேன். குழந்தைக்கு அப்படியே அத்தானின் மூக்கு என்று எழுதியிருந்தாய். மூக்கோடு நின்றால் சரி, பிடிவாதம் வராமல் பார்த்துக்கொள். இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். நான் போனை எடுத்தாலே அத்தான் பக்கத்து மேசையில் பேப்பரை இறக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். உன் வீட்டுக்காரர் என்னோடு பேசிப் பதினோரு நாள் ஆகிறது. இருபத்திரண்டு வருடமாக ஒரே அறையில் இரண்டு மேசை போட்டு என்னோடு டிரைவிங் ஸ்கூல் நடத்திய மனுஷன், நேற்று ஸ்கூலைப் பிரித்துக்கொள்ளலாம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என் மேசையில் வைத்துவிட்டுப் போகிறார். எனக்குச் சோறு இறங்கவில்லை அக்கா. நீ உடனே கிளம்பி வர வேண்டும்.

நடந்ததைச் சொல்கிறேன், நியாயத்தை நீயே சொல். ஸ்கூலுக்கு வெப்சைட் வைக்கலாம் என்று ஒரு கம்ப்யூட்டர் அம்மாவை வரவழைத்தோம். பெயரெல்லாம் சரி, பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து ஒரு வால் போட வேண்டும், அது காமா, நெட்டா, வேறு ஏதாவதா என்று கேட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார் மகராசி. நான் காம் என்றேன், அதே நொடியில் அத்தான் நெட் என்றார். "ஏன் அத்தான், உலகமே காம்னுதானே வெச்சிருக்கு"ன்னேன். "உலகமே வெச்சிருந்தா அந்தக் கூட்டத்துல நம்மள எவன் கண்டுபிடிப்பான்?"ன்னார். "எல்லாரும் போற ரோட்டுலதானே அத்தான் நாம வண்டி ஓட்டவே சொல்லித் தர்றோம்?"ன்னேன். "நீ சொல்லித் தர்ற லட்சணம் தெரியாதா? போன மாசம் உன் ஆளுங்க ஏழு பேர் பெயில்"ன்னார். அபாண்டம் அக்கா! பெயிலானது ஐந்து பேர்தான், மீதி இரண்டு பேர் பயந்து டெஸ்டுக்கே வரவில்லை. இப்படி வாலில் ஆரம்பித்த பேச்சு, என் கல்யாணத்தன்று யார் வண்டி பஞ்சரானதால் யார் லேட்டாக வந்தார் என்பதுவரை போய்விட்டது. அந்த அம்மா லேப்டாப்பை மூடிப் பையில் வைத்து, "முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்.

மறுநாள் நான் நல்லெண்ணத்தோடு என் பயிற்சி வண்டியின் பின்பக்கம் நம் பெயரைப் புள்ளி காமோடு பெயிண்டில் எழுதவைத்தேன். மக்கள் பார்த்துப் பழகட்டும் என்றுதான், வேறு எந்த உள்நோக்கமும் இல்லை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அத்தான் வண்டியில் புள்ளி நெட், என் எழுத்தைவிட ஒரு சாண் பெரிதாக! நான் சும்மா இருப்பேனா? இரண்டு கதவிலும் எழுதினேன். அவர் பானெட்டில் எழுதினார். இன்றைய தேதியில் கண்ணாடியைத் தவிர எங்கள் வண்டிகளில் காலி இடமே கிடையாது.

ஊரில் இதை இரண்டு ஸ்கூல் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். "சார், நெட்டுல ரொம்பத் திட்றாங்களாமே, காமுல சேந்துக்கலாமா?" என்று ஒரு போன். இதை அத்தான் காதில் விழும்படி நான் திருப்பிச் சொன்னது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். அடுத்த போன், "காம்காரர் எல்லா பிரேக்கையும் அவரே மிதிச்சிடறாராம், நான் நெட்டுக்கே போறேன்" என்றது. லைசென்ஸ் டெஸ்ட் எடுக்கும் இன்ஸ்பெக்டர் இரண்டு வண்டியையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரே பர்மிட்ல ரெண்டு ஸ்கூல் நடத்தறீங்களா? வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் சேந்து ஆபீசுக்கு வாங்க" என்றார். வருவதில் சிரமமில்லை. சேர்ந்து வருவதில்தான் சிக்கல்.

திங்கட்கிழமை நடந்தது இன்னும் அநியாயம். முதல் நாள் பாடத்துக்கு ஒருவர் முன்னால் உட்கார்ந்து சொல்லித் தருவதும், இன்னொருவர் பின்சீட்டில் ரோட்டைப் பார்ப்பதும் நம் வழக்கமாயிற்றே. புதிதாகச் சேர்ந்த பல் டாக்டர் அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, அத்தான் முன்னால், நான் பின்னால். "லாரி வருதான்னு பின்னாடி இருக்கறவர்கிட்ட கேளுங்கம்மா" என்றார் அத்தான். அந்த அம்மா திரும்பி, "லாரி வருதான்னு கேக்கறார் சார்." "வருதுன்னு சொல்லுங்க." "வருதாம் சார்." "எந்தப் பக்கம்னு கேளுங்க." இதற்குள் லாரியே வந்து, நம் இடதுபக்கக் கண்ணாடியையும் தட்டிக்கொண்டு போய்விட்டது. டாக்டர் அம்மா நடுரோட்டில் இறங்கி, "எப்பேர்ப்பட்டவங்களையும் வாயைத் திறக்க வெச்சிருக்கேன், உங்க ரெண்டு பேர்கிட்ட என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

நீ விட்டுக்கொடுக்கக்கூடாதா என்பாய். தாராளமாக விட்டுக்கொடுப்பேன், அத்தான் முதலில் விட்டுக்கொடுக்கட்டும். ஆனால் ஒன்று சொல்கிறேன். நான் கிளட்சை மாற்ற மறந்தால், ரசீதைத் தொலைத்தால், அவர் கத்துவார். இப்போ எதுக்கும் கத்த மாட்டேங்கறார். ஆபீஸ்ல ஃபேன் சத்தம் மட்டும்தான் கேக்குது. என்னால தாங்க முடியல அக்கா.

மகளுக்கும் மருமகனுக்கும் என் ஆசிகள். குழந்தை நீண்ட ஆயுளோடு வளர்ந்து, எந்த டெஸ்டானாலும் முதல் முறையே பாஸாகட்டும்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள தம்பி
(புள்ளி காம் தரப்பு)

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது கம்ப்யூட்டர் அம்மா போன் செய்தார். "எதுக்கு சார் சண்டை? ரெண்டு வாலையுமே வாங்கிப் போடலாமே, எதைத் தட்டினாலும் ஒரே இடம் திறக்கும்" என்றார். அப்படியே வாங்கிவிடுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "போச்சு சார், நேத்துதான் யாரோ ரெண்டையும் பதிவு பண்ணியிருக்காங்க" என்றார். வண்டியில் எழுதினால் நமதாகாதாம் அக்கா, பதிவு செய்தால்தானாம்! நான் திறந்து பார்த்தேன். இரண்டும் அருமையாகத் திறக்கின்றன. இரண்டிலும் அடுத்த தெரு டிரைவிங் ஸ்கூல்காரன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அவனுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்ததே நம் அத்தான்! அத்தான் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு, "முட்டாளே, எல்லாம் உன்னாலதான்டா!" என்று கத்தினார். என் முகத்தைப் பார்த்து, நேராக, நடுவில் ஆளே இல்லாமல்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களாலதான் அத்தான்!" என்று நானும் ஆசை தீரக் கத்தினேன். நீ வர வேண்டாம், குழந்தையோடு நிம்மதியாக இரு. நாங்கள் இருவரும் சேர்ந்து அவனைக் கேட்கக் கிளம்பிவிட்டோம். நம் இரண்டு வண்டியிலும் அவன் விளம்பரம் இருப்பதால், நடந்துதான் போகிறோம்.