மாடி அறையும் மூன்றாம் நம்பர் எஞ்சின்களும்

இந்த நவராத்திரிக்குள் மாடி அறையை எனக்கே சொந்தமாக்கிக்கொள்வது என்று சபதம் செய்தேன். மனதுக்குள்தான். எங்கள் வலியசாலைத் தெருவில் வீடுகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். வாய்விட்டுச் சபதம் செய்தால் பக்கத்து வீட்டு வாலாம்பாள் மாமி வழியாக அது என் மனைவிக்கே போய்ச் சேர்ந்துவிடும்.

அந்த அறையில் என் ரயில் இருக்கிறது. மேசை நிறையத் தண்டவாளம், அதன்மேல் உள்ளங்கை நீளத்தில் இரண்டு டீசல் எஞ்சின்கள். என் மனைவி பத்மப்ரியாவுக்கோ அதே அறையில் வீணை வகுப்பு நடத்த ஆசை. விஜயதசமியன்று ஆரம்பிப்பதாக நாலு பேரிடம் சொல்லியும் விட்டாள். நான் பேச்சுவார்த்தையில் இறங்கினேன்.

இரண்டு எஞ்சினுக்குள்ளும் டீகோடர் பொருத்தப் போகிறேன் என்றேன். நகத்தளவு எலக்ட்ரானிக் சமாசாரம். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு நம்பர் கொடுத்துவிட்டால், எந்த நம்பரைக் கூப்பிடுகிறோமோ அது மட்டும் நகரும், மற்றது அசையாது. கூப்பிட்ட குரலுக்கு நகர்வது இந்த வீட்டில் அதுவரை நான் ஒருவன்தான்.

பத்மப்ரியா காபியை ஆற்றிக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"செரி, ஓட்டிக் காமிங்கோ. விஜயதசமியன்னிக்கு என்னோட மொதல் பாடம் ஆரம்பிக்கறதுக்குள்ள ரெண்டும் தனித்தனியா ஓடினா ரூம் உங்களுக்கு. இல்லைன்னா எனக்கு."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். எங்கே? எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் எஞ்சின் வெண்ணெயாக முடிந்தது. இரண்டாவதில் மோட்டாரின் முனை எஞ்சினின் இரும்பு உடம்பில் படக்கூடாது என்பது விதி. பட்டது. டீகோடர் ஒரு சின்னப் புகையோடு உயிரை விட்டது. என்ன கருகுகிறது என்று கீழேயிருந்து குரல் வந்தது. சாம்பிராணி போடுகிறேன் என்றேன்.

புது டீகோடர் கூரியரில் வந்து சேர்ந்தபோது அஷ்டமி ஆகிவிட்டது. ஆபீசுக்கு லீவு போட்டேன். சிவப்பும் கறுப்பும் சக்கரத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. தலைமுடி கனத்துக்கு ஒயர். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பற்றவைத்தேன். கன்ட்ரோலரில் மூன்று என்று அழுத்தினேன். எஞ்சின் ஓடியது! எங்கள் பிள்ளை கிரிஷ் முதல் அடி வைத்த நாள் மாதிரி கண் கலங்கிவிட்டது.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் இரண்டு எஞ்சினும் ஓடிக்கொண்டிருந்தன. கம்பெனியிலிருந்து வரும்போது எல்லா டீகோடருக்கும் மூன்றுதான் நம்பர். ஓர் எஞ்சினுக்கு மட்டும் நம்பரை மாற்றினால் போதும், காபி குடிக்கும் நேரத்து வேலை. கன்ட்ரோலரைக் கையில் எடுத்தேன்.

பத்மப்ரியா வாசற்படியில் நின்றிருந்தாள். குளித்து, பட்டுப்புடவை கட்டி, கையில் சந்தனக் கிண்ணத்தோடு.

"அஷ்டமி சாயந்தரமாச்சு, பூஜை வைக்கப் போறேன். என் வீணை, கிரிஷோட புஸ்தகம் எல்லாம் வெச்சாச்சு. உங்க சாமானுக்கு மட்டும் மரியாதை வேண்டாமா?"

கல்யாணமான நாளிலிருந்து என் ரயிலை அவள் சாமான் என்றுகூடச் சொன்னதில்லை. குப்பை என்பாள். நான் உருகிவிட்டேன். எஞ்சின்கள், கன்ட்ரோலர், பற்றவைக்கும் கருவி எல்லாவற்றையும் என் கையாலேயே சரஸ்வதி முன்னால் வைத்தேன். பொட்டு வைத்து, பூவும் வைத்தேன். கற்பூரம் காட்டியதும் கன்ட்ரோலரை எடுக்கக் கை நீட்டினேன்.

"பூஜையில வெச்சதைத் தொடலாமா? விஜயதசமி கார்த்தால புனர்பூஜை ஆனப்புறம்தான்."

நவமி முழுக்கக் கூண்டுப் புலியாகக் கூடத்தில் நடந்தேன். ஆனால் ஒரு கணக்குப் போட்டேன். புனர்பூஜை விடிகாலையில். அவளுடைய மாணவிகள் வருவதோ வெயில் ஏறிய பிறகு. நடுவில் உள்ள நேரத்தில் ரயில்வே போர்டையே நடத்திவிடலாம். வீணையும் பூஜையில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது.

விஜயதசமி விடிந்தது. பூஜை முடிந்ததும் எஞ்சின்களை வாரிக்கொண்டேன்.

"இன்னிக்கு எல்லாரும் வித்தையைத் தொடணும். கிரிஷ் எழுந்துக்கவே மாட்டேங்கறான். நீங்களாவது வீணையை ஒரு தடவை மீட்டினா மதி, அது போறும்," என்றாள் பத்மப்ரியா.

ஜெயிக்கப் போகிறவனுக்குத் தாராள மனசு வேண்டாமா? உட்கார்ந்தேன். என் கையால் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டாள். விரலைப் பிடித்து வளைத்துவிட்டாள். ஸ, ரி, க, ம. கேவலமாக இல்லை. நன்றாகவே வருகிறது என்று அவளே சொன்னாள். அந்தச் சந்தோஷத்தில் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவினேன்.

ஒரு எஞ்சினைத் தண்டவாளத்திலிருந்து எடுத்துவைத்தேன். மற்றதன் நம்பரை ஏழாக்கினேன். இரண்டையும் தண்டவாளத்தில் நிறுத்தி மூன்றைக் கூப்பிட்டேன். மூன்று மட்டும் ஓடியது. ஏழைக் கூப்பிட்டேன். ஏழு வட்டத்தின் எதிர்ப்பக்கத்திலிருந்து அதே திசையில் புறப்பட்டது. தெருவே கேட்கும்படி அவளைக் கூப்பிட்டேன். வந்தாள். அது வளைவில் திரும்பிய அழகைப் பார்த்துக் கையைக்கூடத் தட்டினாள்.

"பாத்தியா? வாசல்ல ஒரு சிஷ்யையைக்கூடக் காணோம்," என்றேன்.

"ரொம்ப அழகா ஓடறது. ஆனா மொதல் பாடம் அப்பவே ஆயிடுத்தே. வெத்தலை பாக்கு கொடுத்துட்டு ஸ ரி க ம வாசிச்சது யாரு?"

எஞ்சின்கள் இரண்டும் சுற்றிக்கொண்டே இருந்தன. நான்தான் அசையாமல் நின்றேன். அவள் மேசையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மற்ற முனையைப் பிடிக்கும்படி எனக்குக் கண்ணைக் காட்டினாள்.

"நாளைக்கு ரெண்டாவது பாடம். இடது கை நகத்தை வெட்டிண்டு வாங்கோ."