ஆண்டெனாவுல காயப்போட்ட உப்புக்கண்டம்

ஒரு உண்மைய ஒத்துக்கிடுதேன். டிவி ஆண்டெனாவுல ஆட்டுக்கறியக் காயப்போட்ட ஆளு இந்தக் கரிசக்காட்டுல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். வேற யாரும் இருந்தாச் சொல்லுங்க, வந்து கையப் புடிச்சுக்கிடுதேன். தனியாவே இந்த அவமானத்தச் சொமந்து தோளு வலிக்கு.

நான் ஆடு மேய்க்கவன். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்குனதில்ல. (எங்க ஊர்ல மழையும் கம்மி.) கோவில்பட்டியில இருந்து ஓட்டப்பிடாரம் போற பாதையில இறங்கி, ரெண்டு மைல் நடந்தா எங்க ஊரு. இப்ப பஸ் போகுது. அப்ப நடைதான்.

எங்க வீட்டுக்கு டிவி வந்தது நான் கேட்டு இல்ல. என் வீட்டுக்காரி காளியம்மாவுக்கு ஒரு தம்பி, சுடலைன்னு பேரு. மணியாச்சியில ரயில் ரோட்டு வேலை பாத்தான். அவன் கலர் டிவி வாங்குனதும், பழைய கருப்பு வெள்ளைப் பொட்டிய அக்கா வீட்டுல இருக்கட்டும்னு கொண்டாந்து இறக்கிட்டான். எங்களது சின்னக் காரவீடு. மொட்ட மாடியில ஒரு குழாய நட்டு, மேல ஆண்டெனாவக் கட்டுனான். குழாய் ஆடாம இருக்க அடியில ஒரு மர ஆப்பு. கட்டி முடிச்சிட்டு எனக்குப் பாடம் எடுத்தான்.

"அத்தான், இது வடக்க கொடைக்கானலப் பாத்து இருக்கணும். அப்பத்தான் நம்ம தமிழ் வரும். கிழக்க கடலப் பாத்துத் திரும்பிட்டுன்னு வைங்க, இலங்கைக்காரன் வந்துருவான்."

"வந்தா என்ன மாப்ள, பாவம் அவ்வளவு தூரத்துல இருந்து வாரான்"னேன். அவன் தலையில அடிச்சுக்கிட்டான்.

எனக்கு அந்தப் பொட்டி மேல கோவம். அதுக்குக் காரணம் என் மக மாரி. அப்ப பதினோரு வயசு. டிவி வாரதுக்கு முன்னால ஞாயித்துக்கிழமைன்னா என் கூடக் கிளம்பிருவா. முப்பது குட்டி ஒண்ணாக் கத்துனாலும் எது எந்தத் தாயோட குட்டின்னு சத்தத்த வச்சே சொல்லுவா. (எனக்கு அது இன்னைக்கு வரை வராது. கழுத்துல வர்ணம் பூசித்தான் கண்டுபுடிப்பேன். வெளிய சொல்லிராதீங்க.) டிவி வந்த பிறகு, "ஏட்டி, வாரியா?"ன்னு கேட்டா, "இது முடியட்டும்பா"ங்கா. அது எங்க முடியுது? ஒண்ணு முடிஞ்சா ஒண்ணு.

நானும் தெருவே கேக்கக் கத்துவேன். "அணைட்டி அத! கண்ணு அவிஞ்சு போகும்! ஒரு நாளைக்கு அந்தக் கம்பிய ஒடிச்சு ஆட்டுக்குக் கொழை பறிக்கத் தொரட்டி பண்ணிருவேன்!" அதத் தெருவுல எல்லாரும் கேட்டாவ. அதுதான் பின்னால எனக்கு வினையாப் போச்சு.

அப்படி இருக்கையில, டிவிக்காரவிய கோவில்பட்டிக்கு வந்து, பிள்ளைகளப் பேசவிட்டுப் படம் புடிச்சாவ. டிவி வந்த பிறகு உங்க வீட்டுல என்ன நடக்குன்னு கேள்வியாம். எங்க ஊரு வாத்தியார் நாலு புள்ளைகளக் கூட்டிட்டுப் போனாரு. நாலுல மாரியும் ஒண்ணு. சாயந்திரம் வந்தவகிட்டக் கேட்டேன்.

"என்னட்டி சொன்ன?"

"டிவில வரும், பாருங்க."

"என்னையப் பத்தி ஏதும் சொன்னியா?"

"அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கிழமை, சாயந்திரம் அஞ்சு மணி. வீட்டுல இருங்க, தெரியும்."

ஒரு மாசமா அவ அதத் தவிர வேற பேச்சுப் பேசல. கிணத்தடியில, கடையில, கோயில்ல, எங்க பாத்தாலும் ஆள் புடிச்சா. "அத்தை, மறந்துராதீங்க. பெரியப்பா, அஞ்சு மணி." கல்யாணத்துக்குக்கூட இப்படி யாரும் அழைச்சதில்ல.

அந்த ஞாயித்துக்கிழமைக்கு மொத நாள் எங்க கெடா ஒண்ணு கல் ஒடைச்ச கிடங்குப் பள்ளத்துல விழுந்து கழுத்து முறிஞ்சிட்டு. நல்ல கெடா. கொம்பு ரெண்டும் இப்படி வளைஞ்சு, எட்டயபுரம் சந்தையில ஆளுங்க நின்னு பாத்துட்டுப் போவாவ. சரி, போனது போச்சுன்னு அறுத்து, பங்கு வச்சுக் கொடுத்தது போக மிச்சத்துக்குக் காளியம்மா உப்பும் மஞ்சளும் தடவி, சணல்ல மால மாதிரி கோத்து வச்சா. மறுநாள் காலையில அவ ஓட்டப்பிடாரத்துக்கு ஒரு சடங்கு வீட்டுக்குக் கிளம்புனா.

"மாரிப்பா, கறிய வெயில்ல போடுங்க. நாய் தின்னுச்சுன்னா நான் வந்து உங்களத் தின்னுருவேன்"னு சொல்லிட்டுப் போனா. போற வழியில மாரியவும் தலை பின்னக் கூட்டாளி வீட்டுல விட்டுட்டா.

வீட்டுல நானும் கறியும்தான். ஆட்டுக்குத் தண்ணி காட்டப் போகணும். காவலுக்கு ஆளில்ல. கொடியில போட்டா நாய் எட்டும். ஓட்டுச் சாய்ப்புல போட்டாப் பூனை. அப்படியே யோசிச்சு மேல பாத்தேன். ஆகாசத்துல, ஒரு நாயும் பூனையும் எட்டாத உயரத்துல, வெள்ளி மாதிரிக் கம்பி கம்பியா, கறி காயப்போடுறதுக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி நிக்குது ஆண்டெனா! ஏன் இத்தன நாளா யாருக்கும் இது தோணலன்னு எனக்கு என் புத்திய நெனச்சுப் பெருமையா இருந்துச்சு. ஏணியில ஏறி, கம்பிக்குக் கம்பி வளைச்சுத் தோரணம் கட்டிட்டு, காக்கா வராம இருக்கப் பழைய கருப்புக் குடைத்துணிய நடுவுல தொங்கவிட்டுட்டுப் போயிட்டேன்.

காக்கா வரல. பருந்த நான் நெனைக்கல.

நாலரைக்குத் திரும்பி வாரேன், வீட்டுல நிக்க எடமில்ல. காளியம்மா வந்துட்டா. சுடலை மணியாச்சியில இருந்து இதுக்குன்னே வந்திருக்கான். முன்னால மாரி, ரெட்டச் சடை, நீல ரிப்பனு. அஞ்சு மணிக்கு டிவியப் போட்டாங்க. ஒரு பொம்பள சேல கட்டிக்கிட்டு என்னமோ வாசிக்கா. ஒரு சொல்லு புரியல.

எங்க தெருக் கெழவி ஒருத்தி கண்ணச் சுருக்கிப் பாத்துட்டு, "மாரிதானா இது? அதுக்குள்ள இவ்வளவு வளந்துட்டாளே!"ன்னா.

"இலங்கைக்காரில்லா வந்திருக்கா!"ன்னு சுடலை எந்திரிச்சு வெளிய ஓடுனான். பிறகு மெதுவா ஒரு குரல்.

"அத்தான்… கொஞ்சம் வெளிய வாங்க. மேல அங்கன என்ன தொங்குது?"

ஊரே வெளிய வந்து அண்ணாந்து பாத்துச்சு. ரெண்டு பருந்து மாத்தி மாத்திப் பாயுது. அது இழுத்த இழுப்புல ஆப்பு கழண்டு, ஆண்டெனா கடலப் பாத்து நிக்குது. காளியம்மா வாயில கைய வச்சுட்டா. கூட்டத்துல ஒருத்தன், "அன்னைக்கே ஒடிப்பேன்னு சொன்னவருதான்"னான். மாரி என்னைப் பாத்தா பாருங்க ஒரு பார்வை. அழல. திட்டல. அழுதிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

அடுத்த நிமிசம் நான் ஏணியில நிக்கேன். அவ்வளவு வேகமா என் வாழ்க்கையில ஏறுனதில்ல. கறிச் சரத்த அத்துத் தோள்ல மாலையாப் போட்டுக்கிட்டு, ஆப்பத் தேடுனேன். காணும். வேற வழியில்லாம குழாயக் கட்டிப்புடிச்சு வடக்க திருப்புனேன். கீழ முத்தத்துல காளியம்மா, வாசல்ல சுடலை. உள்ள நடக்கத அவன் சொல்ல, அவ என்கிட்டச் சொல்லுவா.

"இன்னும் கொஞ்சம்… இன்னும்… வந்துட்டு! ஆடாதீங்க!"

கைய எடுத்தாக் குழாய் சுத்தும். அதனால அப்படியே நின்னேன். அந்தப் பருந்துகளுக்குக் கறி எங்க போச்சுன்னு தெரியாதா? என் தலைக்கு மேல வட்டம் போட ஆரம்பிச்சுட்டு. மொதத் தடவ பாஞ்சப்ப நான் குனிஞ்சேன். உள்ள இருந்து ஒரே கூச்சல்.

"போச்சு! இலங்கைக்காரி வந்துட்டா! நேரா நில்லுங்க!"

"ஏளா, பருந்து கொத்துதுளா!"

"கொத்துனாக் கொத்தட்டும்! மாரி வரப்போறா!"

நெசமாவே அந்த நேரம் வந்துட்டு. "மாரி! மாரி!"ன்னு உள்ள சத்தம். அதே நேரத்துல பெரிய பருந்து நேரா என் மூஞ்சிக்கு இறங்குது. கண்ண இறுக்க மூடிக்கிட்டேன். கைய எடுக்கல. அது வந்து என் தலப்பாவையும் ரெண்டு துண்டு கறியையும் சேத்துத் தூக்கிட்டுப் போச்சு. நெத்தியில ரத்தம் வழியுது. நான் அசையல. உள்ள ஊரே விழுந்து விழுந்து சிரிக்கு. எனக்கு ஒரு எழவும் கேக்கல. என் தலப்பா பறந்ததப் பாத்துத்தான் சிரிக்காங்கன்னு நெனச்சேன். பிறகுதான் தெரிஞ்சது, என்னை ஒருத்தரும் பாக்கல, எல்லாரும் டிவியப் பாத்துச் சிரிச்சிருக்காங்க.

கீழ இறங்கி, "என்ன சொன்னா?"ன்னு கேட்டா, சுடலைக்குச் சிரிப்புல பேச்சு வரல. "அத உங்க மககிட்டயே கேளுங்க அத்தான்." காளியம்மாவும் அதையேதான் சொன்னா. மாரியோ மூணு நாள் என்கிட்டப் பேசல. அந்த மூணு நாளும் ஊருல என்னைப் பாத்தவன்லாம் சிரிச்சான்.

நாலாம் நாளு கிடைக்குக் கஞ்சி கொண்டு வந்தா. அப்ப எங்க ஆடு ஊருக்கு மேக்க ஒருத்தர் புஞ்சையில எருவுக்காக ராத்தங்கிக் கிடை கிடந்துச்சு. தூக்குவாளிய வச்சிட்டு நின்னா.

"ஏட்டி, நான் வேணும்னு செய்யலட்டி"ன்னேன்.

"தெரியும்பா."

"எப்படித் தெரியும்?"

"வேணும்னு திருப்புறதா இருந்தாக் கறிய எடுத்துட்டுல்லா திருப்பியிருப்பீங்க. ஒரு கெடாக் கறிய நீங்க வீணாக்குவீங்களா?"

"பிறகு என்ன கோவம்?"

குனிஞ்சு மண்ணக் கீறிக்கிட்டே சொன்னா. "ஊர்ல எல்லாரும் என்னையப் பாத்தாவ. நீங்க மட்டும் பாக்கல."

தூக்குவாளிய ஓரமாத் தள்ளி வச்சேன். "இப்பச் சொல்லுட்டி, பாக்கேன்"னேன். வரப்பு மேல ஏறி, கைய ரெண்டையும் ஒட்டவச்சு, ரேடியோவுல பேசுற மாதிரிச் சொன்னா.

"எங்க வீட்ல டிவி பாத்தா எங்க அப்பா அணைக்கச் சொல்லித் திட்டுவாங்க. நாங்களும் அணைச்சிருவோம். பிறகு நான் கஞ்சி கொண்டு போகும்போது, அந்தக் கதையில புள்ளைக்கு என்னட்டி ஆச்சுன்னு கேப்பாங்க. அணைச்ச டிவில என்ன ஆச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதனால நானா ஒரு கதையச் சொல்லுவேன். அப்பா அழுவாங்க."

ஆமா. கேட்டது நெசம். அழுததும் நெசம். ஒரு வருசமா நான் கிடையில உக்காந்து, துண்டால கண்ணத் தொடச்சுக்கிட்டுக் கேட்ட கதை பூராவும் இவ அவுத்துவிட்டது! அதோட விட்டனா? டிவில வந்த கதைன்னு அக்கம்பக்கத்துக் கிடைக்காரங்களுக்கெல்லாம் சொல்லியிருக்கேன். டிவி பாத்தவன் ஒருத்தன், "அந்தப் புள்ளை சாகவே இல்லையே அண்ணாச்சி"ன்னப்ப, "நீ சரியாப் பாக்கலடே"ன்னு அவன்கிட்டச் சண்டைக்குப் போயிருக்கேன்.

அன்னையில இருந்து எங்க வீட்டுல யாரு எதச் சொன்னாலும், "இது நெசமா, மாரி டிவியா?"ன்னு ஒரு கேள்வி வரும். மாரி வளந்து, அவளுக்கு வரன் கொண்டாந்த தரகர், மாப்ளைக்குக் கெட்ட பழக்கம் எதுவும் கெடையாதுன்னு சொன்னப்பவும் சுடலை அதத்தான் கேட்டான். தரகருக்கு ஒண்ணும் புரியல.

அந்த மாப்ளையத்தான் கட்டிக்கிட்டு மாரி கோயமுத்தூருக்குப் போயிட்டா. அவ கடைசியாச் சொன்ன கதையில ஒரு புள்ளை ரயிலேறிப் போவா. மிச்சத்தச் சொல்லவே இல்ல, கல்யாண வேலை வந்துட்டு. இப்ப ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா. நானும் கேப்பேன்.

"ரயிலேறிப் போன புள்ளை திரும்பி வந்தாளாட்டி?"

"இன்னும் இல்லப்பா. பொங்கலுக்கு வாராளாம்."

(போன வருசமும் இதையேதான் சொன்னா. மாரி டிவி சேதி, நம்புறதுக்கில்ல. இருந்தாலும் ஒரு கெடாவ விக்காம வச்சிருக்கேன்.)