போனில் நான் பேசாததற்குக் காரணம் என் ஈறு

என் கூடப்பிறந்தவளுக்கு அக்கா எழுதிக்கொண்டது,

இங்கே ஈறு ஒன்றைத் தவிர எல்லாரும் சுகம். அங்கே நீயும் உன் முழங்காலும் சுகமா என்று கேட்டு எழுதும்படி மருமகள் பக்கத்தில் நின்று சொல்கிறாள். கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று மதியம் நீ போன் செய்தபோது நான் ஒரு வார்த்தைகூடப் பேசாதது கோபத்தினால் இல்லை. கோபம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை, அது தனி. பேச முடியாததற்குக் காரணம் மேல் ஈறும் கீழ் ஈறும் வெந்துபோய், நாக்குப் பட்டாலே உயிர் போனதுதான். எப்படி வெந்தது என்று கேட்பாய். எல்லாம் உன்னால்தான்.

போன வாரம் நீ கூப்பிட்டு, "அக்கா, மாசக் கடைசியில மகள்கிட்டயே போய் இருக்கப்போறேன், இனிமே எப்ப வருவேனோ, ஞாயித்துக்கிழமை வரேன், நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கலாம்" என்றாய். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன், ஆனால் எனக்கு உடனே அந்த ஸ்டுடியோ ஞாபகம் வந்தது. நாற்பத்திரண்டு வருஷம் ஆகிறது. நீ பச்சை ரிப்பன் கட்டியிருந்தாய், போட்டோக்காரர் தலைக்கு மேல் கறுப்புத் துணியைப் போடப் போகிற நேரம், அத்தனை பேர் முன்னால், "அக்கா, நீ வாயை மூடிக்கிட்டு சிரி, உன் பல்லு கறுப்பு வெள்ளைப் படத்துலயே மஞ்சளாத் தெரியும்" என்றாய். போட்டோக்காரர் கூடச் சிரித்தார். அவருக்கு மேல் வரிசையில் ஒரு பல் கிடையாது, அவர் சிரிக்கிறார். அன்றையிலிருந்து எந்தப் போட்டோவிலும் நான் வாயைத் திறந்ததில்லை. என் கல்யாணப் படத்தைப் பார்த்தவர்கள், பெண்ணுக்கு இஷ்டமில்லாமல் கட்டிவைத்தார்களா என்று கேட்டிருக்கிறார்கள். இஷ்டம்தான். பல்தான் பிரச்சினை.

மருமகளுக்கு ஒரு பெரிய அலுவலகத்தில் வாசலிலேயே உட்கார்ந்து வருகிறவர்களையெல்லாம் பார்த்துச் சிரிக்கிற வேலை என்பது உனக்குத் தெரியும். அவள் பல் டாக்டரிடம் போய்ப் பல் வெளுக்கிற மருந்து வாங்கி வந்திருக்கிறாள். கண்ணாடி மாதிரி மெல்லிசாக, பல் வரிசைக்கு உறை போல ஒன்று, மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று. அதில் பசை போன்ற மருந்தை ஒரு பல்லுக்கு ஒரு அரிசி அளவு வைத்து மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பாள். எட்டு நாள் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். நான் ஒருமுறை பார்த்தாலே மறக்க மாட்டேன், எட்டு நாள் பார்த்தால் கேட்க வேண்டுமா? ஆகவே நேற்றுக் காலை அவள் வேலைக்குப் போனதும் அந்த உறையை எடுத்து நன்றாகக் கழுவி, மருந்தை வைத்தேன். அவள் பல் ஏற்கெனவே வெளுப்பு, அதற்கு அரிசி அளவு போதும். என்னுடையது நாற்பத்திரண்டு வருஷத்துப் பாக்கி, அதனால் நிரப்பினேன். பல் இல்லாத இரண்டு இடத்துக்கும் சேர்த்துத்தான் போட்டேன், பாரபட்சம் வேண்டாமென்று. உறை என் வாயில் உட்கார மாட்டேன் என்றது, நான் விடவில்லை, பிடித்து அமுக்கினேன். எரிந்தது. வேலை செய்கிறது போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கழற்றிப் பார்த்தால் பல் அப்படியே இருக்கிறது, ஈறு சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை.

அப்போதுதான் நீ கூப்பிட்டாய். "அக்கா, ஞாயித்துக்கிழமை பத்து மணி பஸ்ஸு" என்றாய். நான் ம் என்றுகூடச் சொல்லவில்லை, உதடு ஒட்டினால் எரிகிறது. "என்னக்கா பேசமாட்டேங்கற? இன்னும் அதே கோபமா? நான் என்ன சொன்னேன்னே எனக்கு ஞாபகம் இல்லக்கா" என்றாய். ஞாபகம் இல்லையா! ரிப்பன் நிறம் முதற்கொண்டு சொல்லலாமென்று வாயைத் திறந்தேன், உள்ளே காற்றுப் போனதும் கண்ணில் தண்ணீர் கொட்டியது, அவ்வளவுதான். அந்தப் பக்கம் நீயும் அழுதாய், கேட்டது. "சரி, நான் வரல. நீ நல்லா இரு" என்று வைத்துவிட்டாய்.

சாயங்காலம் வீட்டில் இன்னொரு கூத்து. திருட்டுத்தனமாக அவள் சாமானை எடுத்த வெட்கத்தில் நான் யாரிடமும் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். மகன் வந்தான், என் முகத்தைப் பார்த்தான், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "தெரிஞ்சுபோச்சாம்மா? உன் ரேடியோ ரிப்பேர் கடையில இல்ல. கீழ போட்டு உடைச்சுட்டேன். சொன்னா நீ ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவே, அதான்" என்றான். நான் பேசாமல் இருப்பதைப் பார்த்து மருமகளும் பயந்துபோய், "அத்தை, அந்தக் கண்ணாடி ஜாடியை பூனை தட்டல, நான்தான்" என்றாள். அந்தப் பூனையை இரண்டு வருஷமாக நான் வாசலில் அண்டவிடவில்லை. இத்தனை வருஷம் சத்தம் போட்டு ஒன்றும் கறக்க முடியவில்லை, ஒரு நாள் வாயை மூடியதில் இவ்வளவு வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் இன்னும் வந்திருக்கும், அதற்குள் எச்சில் விழுங்க முடியாமல் முனகிவிட்டேன், மருமகள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டாள். "ஐயோ அத்தை, என்கிட்ட கேட்டிருந்தா உங்களுக்குன்னே ஒண்ணு செஞ்சு வாங்கியிருப்பேனே" என்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் ஞாபகம் வைத்துக்கொள்ள ஒன்று கிடைத்திருக்கும்.

இன்று காலை பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் சின்னப் பெண். "பாட்டிம்மா, இது வேற ஒருத்தர் பல்லுக்கு அச்சு எடுத்துச் செஞ்சது. உங்களுக்குச் சேராததால மருந்து ஈறுல வழிஞ்சு புண்ணாக்கியிருக்கு. சில நாள்ல ஆறிடும். சூடு, காரம், புளிப்பு வேண்டாம். பேச்சையும் கொஞ்சம் குறைச்சுக்கங்க" என்றாள். சூடு காரம் சரி. பேச்சைப் பற்றிச் சொன்னதை நான் மறக்கப்போவதில்லை.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டாம். ஈறு ஆறட்டும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வா. உன்னை மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தம் இல்லை. உன் பக்கத்தில் நின்று ஒரு தடவை பல் தெரியச் சிரிக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் செய்தேன், வேறொன்றுமில்லை.

உன் காலுக்கு வலு வரட்டும். உன் மகள் வீட்டு மாடிப்படி உனக்கு உயரமாக இல்லாமலிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: மேலே அடுத்த ஞாயிறு என்று எழுதியது செல்லாது. தபாலில் போட்டால் நாலு நாளாகும் என்கிறாள் மருமகள். நேற்றிலிருந்து ஏழு தடவை உனக்குப் போன் அடித்துப் பார்த்துவிட்டாள், நீ எடுக்கவில்லை. நம் வீட்டில் கோபத்தைப் பிடித்துவைக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். நீ அழுதுகொண்டு நாலு நாள் உட்கார்ந்திருப்பது எனக்குச் சரிப்படாது. அதனால் பஸ் ஏறி இதை நானே கொண்டுவந்துவிட்டேன். இப்போது உன் கதவைத் தட்டியது நான்தான், எதிரில் பேசாமல் நிற்பதும் நான்தான். நீ எந்தக் கடிதத்தையும் கடைசியிலிருந்துதான் படிப்பாய், எனக்குத் தெரியும், அதனால்தான் இதை இங்கே எழுதினேன். மேலே உள்ளதைப் பிறகு படித்துக்கொள், முதலில் உள்ளே கூப்பிடு. போட்டோவை என்னோடு வந்திருக்கிற மருமகள் அவள் போனிலேயே எடுப்பாள். பல் கொஞ்சம்கூட வெளுக்கவில்லை. பரவாயில்லை, சிரிக்கிறேன், நீ பக்கத்தில் வந்து நில்.