மைக்கில் வராத பெயர்

சேவுகம்பட்டி,
திருவிழா முடிந்த மறுநாள்.

மைத்துனனும் சம்பந்தியுமான பொன்னுத்துரைக்கு, அக்காள் புருஷன் சடையாண்டி ஆசி கூறி எழுதிக்கொண்டது. இங்கே உன் அக்காள் ஜக்கம்மாள் நலம், மல்லிகைத் தோட்டம் நலம், பசுமாடும் நலம். நான் மட்டும் நலமில்லை. காரணம், உன் மகளும் என் மருமகளுமான பவித்ரா. சம்பந்திக்கு 'நீங்கள்' போட்டு எழுதுவதுதான் மரியாதை. ஆனால் கோபத்தில் இருப்பதால் மைத்துனனுக்கு எழுதுவதுபோல 'நீ' என்றே எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். நீ அதை ஸ்பீக்கரில் போட்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டே கேட்கும்படி சிரிப்பாய் என்பதால்தான் கடிதம்.

எங்கள் குலசாமி சடையாண்டி என்பதும், எங்கள் பங்காளி வீடுகளில் தலைச்சன் ஆண்பிள்ளைக்கெல்லாம் அந்தப் பெயர்தான் என்பதும் உனக்குத் தெரியும். எல்லாருக்கும் ஒரே பெயர் இருந்தால் யாரும் அந்தப் பெயரால் கூப்பிடப்போவதில்லை. டாக்டர், மாங்காய், புரோட்டா என்று தொழிலை வைத்துத்தான் கூப்பாடு. வத்தலக்குண்டு பஸ்ஸில் டிக்கெட் கிழித்தே காலம் போனதால் நான் 'கண்டக்டர்'. ரிட்டையர் ஆன பிறகும் கண்டக்டர்தான். வீட்டில் உன் அக்காளுக்கு 'என்னங்க', உன் மகளுக்கு 'மாமா'. உன் அக்காள் கல்லில் கால் இடித்தால்கூட குலசாமியைக் கூப்பிட வழியில்லை, புருஷன் பெயராயிற்றே! பழனி முருகனைத்தான் கூப்பிடுகிறாள். ஆகமொத்தம் என் பெயரை ஒருத்தர் வாயால் சொல்லிக் கேட்டது ஓட்டுச்சாவடியில்தான், பொன்னுத்துரை. அதுவும் வேறு சடையாண்டியை நினைத்துக்கொண்டு கூப்பிட்டது.

இந்த வருஷம் திருவிழாவில், சடையாண்டி என்ற பெயரோடு வெளியூரில் புகழ் பெற்றவர்களை அழைத்துப் பொன்னாடை போடுவதென்று கோயில் கமிட்டி முடிவு செய்தது. திண்டுக்கல்லில் காது மூக்கு தொண்டை டாக்டர், நத்தம் மாங்காய் மண்டி முதலாளி, போலீஸ் இன்ஸ்பெக்டர், கபடி வீரர் என்று ஆள்களைத் தேடிப்பிடித்து, நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்தது செயலாளராகிய நான். பஸ் நிறுத்தத்தில் பிளக்ஸ் கட்டினோம். எல்லா முகத்துக்கும் கீழே ஒரே பெயர். பார்த்த ஒரு பயல், "ஏலே, ஒரே ஆளு இம்புட்டு வேசமா கட்டிருக்காரு?" என்றான்.

எனக்குப் பொன்னாடை உண்டா என்று ஜாடையாகக் கேட்டேன். "கண்டக்டருக்குப் போட்டா டிரைவரும் வந்து நிப்பாரு அப்பு" என்றார் தலைவர். ஆனால் நன்றியுரையில் என் பெயரை மைக்கில் சொல்வதாக வாக்குக் கொடுத்தார். எனக்கு அது போதும். நாலு ஊருக்குக் கேட்கும்படி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை 'சடையாண்டி' என்று என்னைச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அத்தனை அலைச்சலும்.

மைக்செட் பவுல்ராஜ்தான் வழக்கமாக அறிவிப்பார். காலையிலிருந்து பக்திப்பரவசத்தோடு கத்தியதில் மத்தியானம் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வந்திருந்த டாக்டரே வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்து, இன்று பேசவே கூடாது என்று சொல்லிவிட்டார். யார் அறிவிப்பது? டீச்சர் வேலை பார்க்கும் பவித்ரா இருக்கும்போது என்ன கவலை என்று கமிட்டி அவளை மேடையேற்றியது. நானும் மீசையைத் தடவிக்கொண்டேன். முதல் பெயர் வரும்வரை.

"முதலாவதாக, எங்க மாமா பேரையே கொண்ட டாக்டர் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்!"

கூட்டம் முதலில் முழித்தது, அப்புறம் சிரித்தது. அடுத்து, எங்க மாமா பேருள்ள மாங்காய் மண்டி முதலாளி. எங்க மாமா பேருள்ள இன்ஸ்பெக்டர். எங்க மாமா பேரோடு களமிறங்கிக் கலக்கிவரும் கபடி வீரர். கடைசியில் சாமியையும் விடவில்லை, "எங்க மாமா பேருள்ள தெய்வத்தோட அருளால மழை பெய்யட்டும்" என்றாள். தலைவர் ஓடிப்போய், "பேரைச் சொல்லு தாயி" என்று கெஞ்சினார். மைக்கைப் பொத்திக்கொண்டு, "கழுத்தை வெட்டுனாலும் வராது பெரியப்பா" என்றாள்.

நன்றியுரை வந்தது. வாழைமரத்துக்குப் பக்கத்தில் தலையைச் சீவிக்கொண்டு நின்றேன். "இந்த விழாவுக்காக ராப்பகலா அலைஞ்ச செயலாளர், எங்க மாமா அவர்களுக்கு நன்றி!" அவ்வளவுதான். அடுத்து அன்னதான அறிவிப்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாம்பார் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

வீட்டுக்கு வந்து, "எனக்காக ஒருக்கா சொல்லும்மா" என்று கேட்டேன். "சொன்னா உங்க ஆயுசு குறையும்னு அப்பா சொல்லிருக்காக மாமா" என்று கண் கலங்கினாள். ஆக, குற்றவாளி நீ! கல்யாணத்தன்று மணவறையிலேயே அவள் காதில் இதைத்தான் ஓதினாயா? உடனே கிளம்பி வா. உன் வாயால் அவளுக்கு விலக்குக் கொடு. கமிட்டியிடம் சொல்லி வருகிற வெள்ளிக்கிழமை பூஜையிலேயே அவளை மைக்கில் என் பெயரைச் சொல்லவைக்கிறேன். அது நடக்காதவரை உன் வீட்டு விசேஷம் எதற்கும் நான் வருவதாக இல்லை.

உன் வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருக்கவும், தக்காளி விலை இறங்காமல் இருக்கவும் குலசாமியை வேண்டும்,
உன் மாமன்
சடையாண்டி

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் டீ குடிக்கப் போனேன். கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். "டாக்டர், இன்ஸ்பெக்டர் எல்லாருக்கும் பேரு வச்ச அந்த மாமா நீங்கதானா?" என்று ஒரு வெளியூர்க்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை. திண்டுக்கல் திரும்பிக்கொண்டிருந்த டாக்டர்கூட காரை நிறுத்தி இறங்கி, "நேத்து கைதட்டு பூரா உங்களுக்குத்தான் மாமா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். டாக்டருக்கும் நான் மாமா! ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. வராதே. வந்தாலும் பவித்ராவிடம் மூச்சுவிடாதே. அந்தப் பெயர் அவள் வாயில் வந்துவிட்டால், பொன்னுத்துரை, நான் மறுபடியும் வெறும் கண்டக்டர்.