மணித்திரையில் சிக்கிய சம்பந்தி

எனக்கு வாயை அடக்கத் தெரியாது. சும்மா இருக்கவும் தெரியாது. இதில் எது பெரிய குறை என்று என் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. இரண்டும் ஒரே நாளில் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் எலக்ட்ரீசியன். திருநெல்வேலி பேட்டையில் வீடு. ஓர் இடத்தில் ஃபேன் மாட்டும்போது ஏணி சறுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. ஆறு வாரம் வீட்டைவிட்டு இறங்கக் கூடாது என்றார் டாக்டர். (அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். கூட இருந்து அனுபவித்தது என் மனைவி பார்வதி.) முதல் வாரம் டிவியைத் திட்டினேன். இரண்டாம் வாரம் பார்வதியைத் திட்டினேன். மூன்றாம் வாரம் அவள் போனை என் கையில் திணித்தாள்.

"பழைய சாமான வச்சு வீட்டுக்கு அலங்காரம் செய்யுத வீடியோ வருது. எதையாவது பாத்துச் செய்யுங்க. கைக்கு வேலை இருந்தா வாய் ஓயும்."

வாய் ஓயவில்லை. ஆனால் வேலை பிடித்துவிட்டது. தயிர் டப்பாவில் பேனா ஸ்டாண்டு, கிழிந்த சேலையில் மிதியடி, தேங்காய்ச் சிரட்டையில் சோப்பு டப்பா. சிரட்டையில் தண்ணீர் தேங்குகிறதே என்று அடியில் ஓட்டை போட்டேன். சோப்பு கரைந்து அந்த ஓட்டை வழியாகவே போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகுதான் மணித்திரை. தடித்த காகிதத்தைப் பட்டை பட்டையாக வெட்டி, ஜெம் கிளிப்பின் மேல் சுற்றி ஒட்டினால் ஒரு மணி. கிளிப்போடு கிளிப்பைக் கோத்தால் ஒரு சரம். இருபது சரம் தொங்கவிட்டால் திரை. காகிதத்துக்கு எங்கே போவது? பரணில் ஒரு பெட்டி நிறையக் கல்யாணப் பத்திரிகைகள் கிடந்தன. மஞ்சள் தடவியது, சாமி படம் போட்டது, குப்பையில் போடக் கூடாது என்று வருஷக்கணக்காகச் சேர்ந்தவை. சாமி படங்களை மட்டும் மரியாதையாக வெட்டி எடுத்து வைத்தேன். மற்ற மரியாதைகளைப் பற்றி யோசிக்கவில்லை.

முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவில், பார்வதியை ஸ்டூலில் ஏற்றி, நான் கீழே உட்கார்ந்து கத்திக் கத்தி, கம்பி அடித்து மாட்டினோம். நாலு ஸ்க்ரூ. வீடு இடிந்தாலும் கம்பி நிற்கும் என்று பெருமை பேசினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் தங்கை இசக்கியைப் பெண் பார்க்க ராதாபுரத்திலிருந்து வந்தார்கள். இசக்கி நர்ஸ். பையன் அதே ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். இரண்டு பேரும் பேசி முடிவுசெய்து, இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைக்கவே ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் வந்த இரண்டு இடங்களை நான்தான் பேசிக் கெடுத்தேன். (ஒருவரிடம், "மாப்பிள்ளைக்கு வேலை இருக்கா, இல்ல வேலைக்குப் போறாரா?" என்று கேட்டேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.)

காலையிலேயே இசக்கி என் எதிரில் வந்து நின்றாள்.

"அண்ணே, இது தரகர் கொண்டாந்த இடம் இல்ல. நானா பாத்தது. இது போச்சுன்னா எனக்கு வேற வேண்டாம். நீ வாயத் தொறக்காத. அது போதும்."

"சத்தியமா தொறக்க மாட்டேன்."

பையன், அவன் அப்பா, அம்மா என்று மூன்று பேர் வந்தார்கள். நான் மாவுக்கட்டுக் காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு சிரித்தபடி இருந்தேன். கன்னம் வலித்தது. கேசரி வந்தது. பையனின் அம்மா, "பிள்ளைய உள்ள போயே பாத்துட்டு வாரேன்" என்று எழுந்து போனார். நீளமான பின்னல், தலைநிறையப் பிச்சிப்பூ. பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போது ஆனி மாதக் காற்று வாசல் வழியாக ஒரு வீசு வீசியது. திரை எழும்பி அவர் தலைமேல் விழுந்தது. கிளிப்புகள் பூவையும் முடியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டன. எடுத்துவிடலாம் என்று திரையின் பக்கம் திரும்பினார். மீதிச் சரங்களும் சேர்ந்துகொண்டன.

பார்வதி ஓடிவந்து இழுத்தாள். "பைய, பைய, முடி போயிரும்" என்றார் அந்த அம்மா. பார்வதி கம்பியைக் கழற்றப் பார்த்தாள். நான் பெருமை பேசியபடியே அது அசையவில்லை.

மாட்டிக்கொண்டு நிற்பவர் வேறு என்ன செய்வார்? மூக்குக்கு முன்னால் தொங்கிய மணிகளைப் பார்த்தார். மெரூன் காகிதத்தில் தங்க எழுத்து. ஒன்றைத் திருப்பி வாசித்தார்.

"திருவளர்செல்வி..."

அடுத்த மணியைத் திருப்பினார். "சுபாஷினி." அதற்கு அடுத்ததையும் திருப்பினார். "ராதாபுரம்." பிறகு மெதுவாக, "எய்யா, இது எம் மூத்த மக கல்யாணப் பத்திரிக்கைல்லா?" என்றார்.

காபித் தட்டோடு அவருக்குப் பின்னால் வந்திருந்த இசக்கி என்னைப் பார்த்தாள். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் காலில் விழுந்திருப்பார்கள். எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பத்திரிகை நினைவுக்கு வந்துவிட்டது. அவர்கள் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். ஆனாலும் பத்திரிகையைத் தபாலில் அனுப்பியிருந்தார்கள். நேரில் வந்து வெற்றிலை பாக்கோடு வைக்காத கல்யாணத்துக்கு எங்கள் பக்கம் போகிற வழக்கமில்லை. அப்பா அப்போது உயிரோடு இருந்தார். உறையைக்கூடப் பிரிக்காமல் பரணில் எறிந்தார்.

வாயைத் திறந்தேன்.

"ஆமா அத்தை, ஒங்க மக பத்திரிக்கைதான். தபால்காரர்தான் கொண்டாந்து தந்தாரு. நீங்க கையால தந்திருந்தா பத்திரமா வச்சிருப்போம்."

போச்சு, மூன்றாவது இடமும் போச்சு, அதுவும் அவளாகப் பார்த்த இடம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பையனின் அப்பா கேசரித் தட்டைக் கீழே வைத்தார். திரையைப் பார்த்துப் பேசினார்.

"கேட்டியா? பேட்டைக்கு நேர்ல போய் வைக்கணும்னு அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேன். 'ரெண்டு பஸ் மாறணும், தபால்ல போடுங்க'ன்னு சொன்னது யாரு? இப்ப மாட்டிக்கிட்டு நிக்கே."

"வெயில் அப்படி அடிச்சுது, நான் என்ன செய்ய?" என்றது திரை. "மொதல்ல என்னைய எடுத்து விடுங்க."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். "சிரிக்காதீங்க. எனக்கும் சிரிப்பு வருது, முடி இழுக்குது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

இசக்கி தட்டை வைத்தாள். என் டூல்ஸ் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்துவந்தாள். "அத்தை, அசையாம இருங்க" என்று சொல்லி டக், டக், டக் என்று சரம் சரமாக நறுக்கினாள். ஒரு முடி வெட்டுப்படவில்லை. என் திரை மொத்தமும் தரையில் கிடந்தது. இந்த ஜென்மத்தில் எனக்கு அவ்வளவு நிம்மதி வந்ததில்லை.

அந்த அம்மா பின்னலைச் சரிசெய்துகொண்டு, என்னையும் பார்வதியையும் ஒரு பார்வை பார்த்தார்.

"இந்த வீட்டுல ஒரு ஆளுக்குத்தான் புத்தி இருக்கு. அத நாங்க கூட்டிட்டுப் போறோம்."

ஆவணியில் கல்யாணம். இரண்டு பஸ் மாறி, தட்டு, தேங்காய், வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து பத்திரிகை வைத்தார்கள். எனக்கு மட்டும் லேமினேஷன் போட்டிருந்தது. "இத வெட்டிச் சுத்த முடியாதுல்லா" என்றார் அத்தை. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் என் பத்திரிகைக்குத் தனியாக லேமினேஷன். மஞ்சளும் உள்ளேயே அடைபட்டிருக்கும்.

போன வாரம் இசக்கியின் மகனுக்குக் காதுகுத்துப் பத்திரிகை கொண்டுவந்தார்கள். கையில் வாங்கினேன். நல்ல கனம். சூடான காபித் தம்ளரை இதன்மேல் வைத்தால் மேஜையில் தடம் விழாது என்று தோன்றியது. பார்வதி என்னை முறைத்தாள்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன்.